மூளையைக் கழுவும் நீர்

உறுப்பு எதுவாயினும் உழைத்தால் கழிவு சேரும். கை, கால், ஈரல் முதலியவற்றில் உயிரணுக்களின் இடையே தேங்கும் கழிவில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் ஏந்திச் சென்று குருதியில் சேர்க்கின்றன. (நிணநீர் என்னும் சொல்லில் உள்ள ‘நிணம்’ என்பதற்குப் பழந்தமிழில் கொழுப்பு என்று பொருள்.) மூளையோ உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான், ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு உழைக்கும் மூளைத் திசுவினுள் நிணநீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. அங்குச் சேரும் கழிவு எவ்வழியே வெளியேறுகிறது?

மூளையும் தண்டுவடமும் தெளிந்த நீரொன்றில் மிதக்கின்றன. அதற்கு மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். வளர்ந்த ஒருவரிடம் அது சுமார் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை அளவே இருக்கும். ஆயினும் நாள்தோறும் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழையது வடிந்துகொண்டே இருக்கிறது. 1400 கிராம் எடையுள்ள மூளை, இந்நீரில் மிதப்பதால் சுமார் 50 கிராம் எடைபோலவே அழுத்துகிறது. தாங்குவதும் அதிர்ச்சியிலிருந்து காப்பதுமே இந்நீரின் பணி என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில், மைக்கன் நெடர்கார்டு என்னும் டென்மார்க் நாட்டு அறிஞரும் அவர்தம் குழுவினரும் சுண்டெலிகளின் மூளைத் தண்டுவட நீரில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, அது செல்லும் வழியை நுண்ணோக்கியால் பின்தொடர்ந்தனர். தமனிகளை உறைபோல் சூழ்ந்துள்ள நுண்ணிய இடைவெளி வழியே நீர் மூளைக்குள் ஆழ இறங்கியது. தமனியின் துடிப்பே அதனை முன்தள்ளுகிறது என்று அவர்கள் விளக்கினர். அவ்வுறையின் புறச்சுவர், விண்மீன் வடிவ உயிரணுக்களின் பாதங்களால் ஆனது. அப்பாதங்களில் நீர் புகுவதற்கென்றே அமைந்த புரத வாயில்கள் உள்ளன. அவ்வழியே கசிந்த நீர், நரம்பணுக்களின் இடையே பரவிக் கழிவை ஏந்தி, சிரைகளை ஒட்டி வெளியேறியது. கிளியா எனப்படும் துணையணுக்கள் நிணநீர் மண்டலத்தின் பணியைச் செய்வதால், இதற்குக் கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயரிட்டனர். 2015இல் மூளையைப் போர்த்திய உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதும் சுண்டெலிகளில் அறியப்பட்டது.

இடையில், 2013இல் அதே குழு மற்றொன்றைக் கண்டது. சுண்டெலி விழித்திருக்கையில் மூளையின் கனஅளவில் 14 விழுக்காடாக இருந்த அணு இடைவெளி, உறக்கத்தில் 23 விழுக்காடாக அகன்றது. அமிலாய்டு பீட்டா என்னும் புரதக் கழிவு இருமடங்கு விரைவாக நீங்கியது. நினைவைச் சிதைக்கும் அல்சைமர் நோயில் மூளையில் படிந்து கிடப்பது இப்புரதமே. எனவே, உறக்கம் மூளையைக் கழுவுகிறது என்னும் செய்தி உலகெங்கும் பரவியது.

அறிவியலில் ஒரு செய்தி பரவிவிட்டால் மட்டும் அது முடிந்த முடிபாகிவிடாது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் சாயத்தைச் சுண்டெலியின் மூளைத் திசுவிலேயே செலுத்தினர். உறக்கத்தில் அது வெளியேறுவது குறைந்ததாகக் கண்டனர். அவர்கள் அளந்த முறையின்மீது நெடர்கார்டு தரப்பினர் ஐயம் எழுப்பினர். உறக்கம் தேவை என்பதில் இருசாராருக்கும் மாறுபாடில்லை. அது கழுவுவதற்காகவா என்பதே வழக்கு.

பயிற்சி

1. தமனி, சிரை: வேறுபாடு அறிந்து எழுதுக.
2. ஒரே வினாவுக்கு இரு குழுவினர் வெவ்வேறு விடை கண்டது ஏன்? பாடத்தின் துணைகொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.