படுக்க வைப்பதா, உட்கார வைப்பதா?

மேலூருக்குப் பக்கத்தில் திருவாதவூர் ஓவாமலைக் குகைத்தளத்தில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய இடம் அது. இந்த வட்டாரக் குன்றுகளில் அவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் பலவற்றில் தலைமாட்டைச் சற்று மேடாக விட்டிருப்பார்கள். தலைக்கு அந்த மேடு போதும். மூச்சு இளைப்பவருக்கு முதுகே எழும்ப வேண்டும். நம் வீடுகளிலோ ஒருவருக்கு மூச்சு வாங்கினால் உடனே, “சித்த படுங்க” என்கிறோம். படுத்தால் காலுக்கு ஓய்வு கிடைக்கும், நுரையீரலுக்கு வேலை கூடும். மல்லாந்ததும் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் உதரவிதானத்தை மேலே தள்ள, மூச்சு விட்ட பிறகும் உள்ளே தங்கும் காற்று அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குறைகிறது. நாமெல்லாம் இரவு முழுக்க மல்லாந்து தூங்கவில்லையா என்று கேட்கலாம். நல்ல நுரையீரலில் கையிருப்பு தாராளம், அதனால் அந்த நட்டம் தெரிவதில்லை. நோயாளிக்கு அந்தக் கையிருப்புதான் இல்லை.

ஆகவே மூச்சுத் திணறுகிறவரை முதலில் உட்கார வையுங்கள். பிறகு எது பொருந்தும் என்பது கோளாறு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பீடியும் அடுப்புப் புகையும் கெடுத்த நுரையீரலுக்கும் ஆஸ்துமாவுக்கும் முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்காருவது நல்லது. கை ஊன்றியதும் கழுத்து, தோள் தசைகள் விலாவைத் தூக்க உதவும். இளைப்புக்காரர் பலர் யாரும் சொல்லித் தராமலே இப்படித்தான் உட்காருகிறார்கள். இதயம் பலவீனப்பட்டவர் படுத்தால் காலிலிருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி நுரையீரலில் நீர் கோக்கும். “எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்பது அதனால்தான். ஒன்று மூன்றானால் அது செய்தி. ஒரு பக்கம் மட்டும் நிமோனியா என்றால் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களிக்கலாம். ரத்தம் காற்றுள்ள பக்கமாக இறங்கும். குறட்டைக்காரருக்கும் நிறைமாதக்காரருக்கும்கூட ஒருக்களிப்பதே நல்லது.

கொரோனாவில் குப்புறப் படுக்கச் சொன்னார்களே என்பது அடுத்த கேள்வி. நியாயமானது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்தால் நசுங்கும் அந்தப் பகுதி குப்புறப் படுத்தால் விரியும். 2013-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கடும் நோயாளிகளைத் தினமும் 16 மணி நேரம் அளவுக்குக் குப்புறக் கிடத்தியபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தவர்களில் 32.8. 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமும் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கிய கொரோனா நோயாளிகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. கழுத்துக்கடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, கணைக்காலுக்கு அடியில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் கூடாது. கர்ப்பிணிக்கும் பெரிய இதய நோயாளிக்கும் கூடாது. ஆனால் அது நுரையீரல் முழுக்க அழற்சி கண்டவர்களுக்கான வழி. ஆஸ்துமாக்காரருக்கும் இதயநோயாளிக்கும் அதையே எடுத்து வைப்பது, ஒருவர் சீட்டுக்கு வாங்கிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது மாதிரி. கைக்குழந்தைக்குக் கணக்கே தலைகீழ்: தூங்க வைக்கும்போது மல்லாத்திதான் கிடத்த வேண்டும்.

எந்த நிலையும் மருந்துக்கு மாற்றில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் போனாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டை நிமிர்த்தச் சொல்லுங்கள். நினைவிழந்து, மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருப்பவரை உட்கார வைக்கக் கூடாது, ஒருக்களித்துக் கிடத்துங்கள்.