கரிசல் மேடையில் ஹாலோபாடி கிட்டார்

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கோயில் கொடை. மெல்லிசைக் கச்சேரியில் மூன்றாவது பாட்டிலேயே என் கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. தந்தியை உள்ளங்கையால் அமுக்கியும் அடங்கவில்லை. "அண்ணாச்சி, பாக்ஸுக்கு நேரா நிக்காதீக, ஓரமா வாங்க" என்றார் மைக்செட் தம்பி. இரண்டடி நகர்ந்தேன், நின்றுவிட்டது.

ஹாலோபாடியின் வயிறு வெறும் கூடு. பாக்ஸ் சத்தம் மேல்பலகையை அதிரவைக்கும், பலகை தந்தியை அசைக்கும், பிக்கப் அதை வாங்கி மறுபடி பாக்ஸுக்கே அனுப்பும். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குடம் காலியாக இருப்பதால்தானே 'கும்' என்று பேசுகிறது! இந்தக் கிட்டாரின் இனிமையும் தொல்லையும் அந்தக் காலியிடத்தில்தான் இருக்கின்றன.

1936-ல் கிப்சன் கம்பெனியின் பிக்கப் வைத்த ஹாலோபாடி இஎஸ்-150 வந்தபோது மேடையில் பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு நடுவே கிட்டார் கேட்க ஆரம்பித்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதில்தான் தனி வாசிப்பு வாசித்தார். 1950-ல் ஃபெண்டர் கெட்டிப்பலகைக் கிட்டாரை விற்பனைக்கு விட்டது. மேடைச் சத்தம் கூடக்கூட பலரும் அதற்கு மாறினார்கள். நான் மாறவில்லை. மெலடிப் பாட்டின் இடையிசைக்கு வேண்டிய அந்த மர ஓசை எனக்குக் கெட்டிப்பலகையில் கிடைக்கவே இல்லை. புதிதாக வாங்குபவர்களுக்கு 1958-ல் வந்த இஎஸ்-335 மாதிரியைச் சொல்வேன். கூட்டின் நடுவே நீளவாக்கில் மரக்கட்டை இருப்பதால் ஊளை குறைவு. முழுக் கூடுதான் வேண்டுமென்றால், எஃப் ஓட்டைகளில் ஸ்பாஞ்சை மெதுவாகத் திணித்து, பாஸைக் குறைத்து வையுங்கள்.

சித்திரையில் கரிசல் வாய் பிளக்கும்போது மரமும் வற்றும். ஒரு மதியம் முழுக்கக் கிட்டாரைப் பூட்டிய வேனில் விட்டுவிட்டேன். சாயங்காலம் வாசித்தால் உள்ளே கரகரவென்றது. சின்னக் கண்ணாடியை ஓட்டை வழியே நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்சட்டம் ஒன்று பசை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து கோடையில் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்ச் வைத்து, கிட்டார் பெட்டிக்குள் போடுகிறேன். ஐப்பசி மழைக்கு அதை எடுத்துவிட வேண்டும். அப்போது மேல்பலகை உப்பித் தந்தி உயரும். பிரிட்ஜின் திருகுச் சக்கரங்களைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

இன்னொன்று, மேல்பலகை வளைந்த பழைய ஆர்ச்டாப் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு. தந்தி மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். அநேகமாக அதில் பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். நகர்ந்துவிட்டால் சுருதி எங்கும் சேராது. ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.