வைபவமும் ஆடம்பரமும்

திருக்கோயில் உத்ஸவப் பத்திரிகைகளில் ‘திருக்கல்யாண வைபவம்’, ‘கருடசேவை வைபவம்’ என்று அச்சிடுவது வழக்கம். அதே உத்ஸவத்தைச் சேவித்துத் திரும்பும் அன்பர் ஒருவர், “எத்தனை ஆடம்பரமாக நடந்தது தெரியுமா!” என்று புகழ்வார். வேறொருவரோ, “அவாப்தஸமஸ்தகாமனான பகவானுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?” என்று வினவுவார். புகழ்பவர் வாயிலும் இகழ்பவர் வாயிலும் வருவது ஒரே சொல்லாயிருப்பது கவனிக்கத்தக்கது. செல்வச் சிறப்பைக் குறிக்கும் சொற்கள் நம் வழக்கில் பல உண்டு. அவை ஒவ்வொன்றின் பிறப்பையும் அறிந்துகொண்டால், மேற்சொன்ன வினாவுக்கு விடையும் அவற்றிலேயே கிடைத்துவிடும்.

முதற்கண் ‘ஐஸ்வர்யம்’ என்ற சொல்லைக் கொள்வோம். பொன்னும் பொருளும் என்றே உலகம் இதற்குப் பொருள் கொள்கிறது. ஆனால் ஈச்வரனுடைய தன்மையே ஐஸ்வர்யம். அதாவது, அனைத்தையும் ஆளும் திறம். ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் ஆறாம் அம்சத்தில், ‘பகவான்’ என்ற திருநாமத்துக்கு விளக்கம் கூறும் பராசரர், ‘பகம்’ எனப்படும் ஆறு குணங்களை அடுக்குகிறார். அவ்வரிசை ஐஸ்வர்யத்தில் தொடங்கி வைராக்யத்தில் நிறைவுறுகிறது. நிறைந்த செல்வமும் நிறைந்த பற்றின்மையும் ஒருவனிடத்திலேயே கூடியிருப்பதுதான் பகவானின் பெருமை. உடைமை இருந்தும் உடைமைக்கு அடிமைப்படாதவனே உண்மையில் அதனை ஆள்பவன் என்பது இதனால் விளங்கும்.

அடுத்தது ‘வைபவம்’. இது ‘விபவம்’ என்பதிலிருந்து பிறந்தது. எம்பெருமானுடைய ஐந்து நிலைகளாகப் பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று நம் பூர்வாசார்யர்கள் வகுத்தருளினர். அவற்றுள் விபவம் என்பது இராமனாகவும் கண்ணனாகவும் அவன் இவ்வுலகில் வந்து அவதரித்த நிலை. கீதையின் பத்தாம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்த ‘விபூதி’ என்ற சொல்லும் இதே தாதுவிலிருந்து வந்ததே. சைவ வழக்கில் அச்சொல் திருநீற்றைக் குறிக்கும். வைணவ வழக்கில் பரமபதத்தை நித்யவிபூதி என்றும் இவ்வுலகை லீலாவிபூதி என்றும் கூறுவர். ஆக, கண்ணுக்குப் புலப்படாத பெருமை புலப்படும்படி வெளிப்படுவதே வைபவம். வீதியில் நிற்கும் ஏழைக்கும் பெருமாள் எழுந்தருளிக் காட்சி தருவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

‘போகம்’ என்ற சொல்லோ இக்காலத்தில் சற்றே இழிந்த பொருளில் வழங்குகிறது. வைணவ மரபில் அப்படியில்லை. திருவரங்கத்துக்குப் போகமண்டபம் என்றும், திருமலைக்குப் புஷ்பமண்டபம் என்றும், காஞ்சிக்குத் தியாகமண்டபம் என்றும் பெயர். அனுபவிப்பதற்கு ஓர் ஊரும் கொடுப்பதற்கு ஓர் ஊருமாக இருப்பினும், இரண்டிடத்தும் எழுந்தருளியிருப்பவன் ஒருவனே.

இனி, எதிர்ப்புறத்துச் சொற்களைக் காண்போம். வடமொழியில் ‘ஆடம்பரம்’ என்பது முரசையும் அதன் பேரொலியையும் குறித்த சொல். ஒலியைக் குறித்தது நாளடைவில் வெளிப்பகட்டைக் குறிக்கலாயிற்று. ‘படாடோபம்’ என்பது இன்னும் சுவையானது. ‘படா’ என்றால் பாம்பின் படம். ‘ஆடோபம்’ என்றால் விரிந்து பருத்தல். விஷமில்லாத பாம்பும் படத்தை விரித்துக் காட்டினால் பிறர் அஞ்சுவர் அல்லவா? உள்ளே சரக்கில்லாத விரிவுக்கு இப்பெயர் எத்தனை பொருத்தம்! ‘டாம்பீகம்’ என்பது ‘தம்பம்’ என்ற சொல்லின் வழிவந்தது. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் அசுரத் தன்மைகளைக் கணக்கிடும் கண்ணன், தம்பத்தையே முதலாவதாக வைக்கிறான். பெயரளவுக்குத் தம்பத்துடன் செய்யப்படும் வேள்வியையும் அங்கே கண்டிக்கிறான். திருப்பணி செய்பவரும் கைங்கர்யம் செய்பவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இது.

செல்வம் ஒலி எழுப்பலாகாது என்பதைத் தம் வாழ்விலேயே காட்டியவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அருகில் கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராக வாழ்ந்த அவர், நாள் முழுதும் அன்னதானம் நடத்தி, இரவில் மாளிகைக் கதவை அடைக்கச் செய்வார். அக்கதவின் ஓசை ஒருநாள் காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவிக்கு எட்டியது என்று குருபரம்பரை வரலாறு கூறும். இதனை அறிந்த ஆழ்வான் மகிழவில்லை, நாணினார். நல்வழியில் செலவாகும் செல்வமேயாயினும் அதன் ஓசை தாயார் சந்நிதி வரை கேட்டதே என்று வருந்தினார். உடைமை அனைத்தையும் வழங்கிவிட்டுத் தேவியாருடன் திருவரங்கத்துக்கு நடந்தார். வழியில் காட்டைக் கடக்கையில் தேவியார் அஞ்ச, “மடியில் ஏதேனும் கனம் உண்டோ?” என்று வினவினார். அவர் அமுது செய்வதற்கென்று அம்மையார் கொணர்ந்த பொன்வட்டில் ஒன்று இருந்தது. அதனையும் வாங்கி எறிந்துவிட்டு அச்சமின்றி நடந்தார்.

அப்படியாயின் அவர் வறியவர் ஆனாரோ? இல்லை. இலங்கைச் செல்வத்தையும் சுற்றத்தையும் துறந்து விபீஷணன் வானில் எழுந்து நின்ற அந்தக் கணத்தில்தான் வால்மீகி பகவான் அவனை ‘ஸ்ரீமான்’ என்று அழைக்கிறார். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு எந்த ஸ்ரீ வந்தது? இராமன் திருவடியில் தொண்டு செய்யப் புறப்பட்ட கைங்கர்யஸ்ரீயே அது என்பது பெரியோர் நிர்வாகம். திருமண அழைப்பிதழ்களில் பெயருக்கு முன் ‘ஸ்ரீமான்’ என்று அச்சிடுகையில் இப்பொருளை நினைவுகொள்வது நலம்.

எனவே, உத்ஸவத்தில் சாத்தும் திருவாபரணமும், கொட்டும் முரசும், ஏற்றும் தீபமும் தம்மளவில் ஆடம்பரம் ஆகா. காண்பவர் கண்ணை அவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதே கேள்வி. எம்பெருமான் திருமுகமண்டலத்தில் சேர்த்தால் அது வைபவம். கொடுத்தவர் பெயரில் சேர்த்தால் ஆடம்பரம். சந்நிதியில் குழல்விளக்கு ஒன்றை உபயமாக அளித்து, அதன்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைப்பதுண்டு. அவ்விளக்கை ஏற்கும் கோயிலாருக்கும் அதில் பங்குண்டு.

இலையோ, பூவோ, பழமோ, நீரோ பக்தியுடன் தருவதை ஏற்பதாகக் கண்ணன் வாக்களித்திருக்கிறான். அந்த வரிசையில் பொன் இடம்பெறவில்லை. ஆகவே, இவ்வுத்ஸவத்துக்குக் கையில் ஒரு துளசிதளத்துடன் மட்டும் வந்திருக்கும் யாத்ரீகர் எவரும் மனம் குன்ற வேண்டுவதில்லை. வாகனம் வீதியில் எழுந்தருளும்போது கூப்பிய கையுடன் நின்று சேவிக்கும் அவரும் ஸ்ரீமானே ஆவார்.