எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் அதன் கிளையினங்களும்

எலுமிச்சை நாற்றங்காலில் கொழுந்து விடும் சமயத்தில், இளம் இலையின்மீது பறவை எச்சம் போல ஏதோ ஒன்று ஒட்டியிருப்பதை உழவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். எச்சம்தானே என்று விட்டுவிட்டால், சில நாட்களில் அதுவே பச்சைப் புழுவாகிக் கொழுந்து முழுவதையும் நடுநரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற கொம்பை நீட்டி, ஒருவிதக் கார நெடியை வீசும். இதன் தாய்தான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. கரிய இறக்கையில் மஞ்சள் புள்ளிகளும், பின்னிறக்கையின் உட்கோடியில் செங்கல் நிறப் பொட்டும் கொண்டது. வால் வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இதற்கு வால் கிடையாது.

இதற்குப் பாப்பிலியோ டெமோலியஸ் என்று 1758-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். இரண்டு சொற்களால் ஆன இப்பெயருக்குப் பின்னால் மூன்றாவது சொல் ஒன்றும் சில சமயம் வரும். அதுதான் கிளையினத்தின் பெயர். இந்த மூன்றாவது சொல்லைப் பற்றி உழவருக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலைப்பட இடமுண்டு.

கிளையினம் என்பது எது?

காங்கேயம் மாடும் உம்பளச்சேரி மாடும் பார்வைக்கு வேறு. ஆனால் இரண்டும் மாடே, சேர்த்தால் கன்று ஈனும். மாட்டினங்களைப் பிரித்து வளர்த்தது மனிதன். வண்ணத்துப்பூச்சிகளைப் பிரித்து வைப்பது கடலும் மலையும் பாலைவனமும். நெடுங்காலம் தனித்து வாழும் கூட்டம், நிறத்திலோ உருவிலோ உணவிலோ சிறிது சிறிதாக மாறுபட்டுப் போகிறது. கலந்தால் இனம் பெருக்கக் கூடியதாகவே இருந்தும், இருக்கும் இடத்தாலும் அடையாளத்தாலும் பிரித்தறியக் கூடிய இத்தகைய கூட்டத்தையே கிளையினம் என்கிறோம்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு ஆறு கிளையினங்கள் சொல்லப்படுகின்றன. நம் நாட்டில் உள்ளது டெமோலியஸ் டெமோலியஸ். முதலில் பெயர் பெற்ற கிளையினத்திற்குச் சிற்றினத்தின் பெயரையே மீண்டும் சொல்வது வழக்கம். மலேயா, சுமத்ரா பகுதியில் உள்ளதற்கு 1865-இல் வாலஸ் என்பார் மலயானஸ் என்று பெயரிட்டார். பரிணாமக் கொள்கையை 1858-இல் டார்வினுடன் சேர்ந்து வெளியிட்ட அதே வாலஸ்தான். ஆஸ்திரேலியாவில் இருப்பது ஸ்தெனெலஸ். 1826-இல் மக்ளே பெயரிட்டது.

ஆஸ்திரேலியப் பூச்சியைக் கவனியுங்கள். நம்முடையதைப் போன்றே புள்ளி போட்ட இறக்கைதான். ஆனால் அதன் புழு பெரும்பாலும் எலுமிச்சையை நாடுவதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி என்று விற்கிறார்களே, அந்த விதையைத் தரும் செடியின் உறவுச் செடிகள், அதாவது அவரைக் குடும்பத்துச் செடிகள்தான் அதற்குத் தீனி. ஆகவே அங்குள்ள எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அதனால் பெருஞ்சேதம் இல்லை. பெயரின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பார்த்து, அங்குள்ளதும் இங்குள்ளதும் ஒன்றே என்று முடிவு கட்டினால், தீங்கற்ற பூச்சிக்கு மருந்தடிப்போம். அல்லது வெளியிலிருந்து வரும் எலுமிச்சை தின்னும் கிளையினத்தை ‘நம் ஊர்ப் பூச்சிதானே’ என்று விட்டுவிடுவோம். இரண்டாவது தவறு முதலாவதைவிடக் கேடானது.

கரீபியக் கடலிலுள்ள டொமினிகன் குடியரசில் 2004-ஆம் ஆண்டில் இப்பூச்சி கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்திற்கு அது புதிது. பிறகு ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ, கியூபா ஆகிய தீவுகளிலும் காணப்பட்டது. அருகே இருக்கும் புளோரிடா மாநிலமோ ஆரஞ்சுக்குப் பெயர் போனது. வந்தது எந்தக் கிளையினம், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. இறக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பூச்சியின் மரபுப்பொருளையும் ஆராய்ந்து, அது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சென்றது என்று 2006-இல் வெளியிட்டனர். எந்த வட்டாரம் என்று தெரிந்தால்தான் எந்த வழியாக நுழைந்தது, அதன் இயற்கை எதிரிகளை எங்கே தேடுவது என்றெல்லாம் திட்டமிட முடியும்.

புதிய கிளையினத்தை விவரிப்பது எப்படி?

விசித்திரமான பூச்சி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மட்டும் அது புதிய கிளையினம் ஆகிவிடாது. நெல்லில் வரும் கொம்புப்புழுவின் தாய்ப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பிறந்ததற்கு இறக்கையின் அடிப்புறத்தில் கண் போன்ற புள்ளிகள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறந்தது காய்ந்த சருகு போலவே இருக்கும். ஒரு காலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வழங்கியதும் உண்டு! முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தால்தான் இக்குழப்பம் தீரும். ஆகவே ஆராய்ச்சியாளர் ஒரே இடத்தில் பல பூச்சிகளை, ஆணும் பெண்ணுமாக, பல பருவங்களில் பார்த்து, அறிந்த கிளையினங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறார். புள்ளிகளின் அளவு, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, புழுவின் தீனிச்செடி, மரபுப்பொருள் ஆகியவை ஒப்பிடப்படும்.

வேறுபாடு உறுதியானால், ஒரே ஒரு பூச்சியை மூலமாதிரி என்று தேர்ந்தெடுக்கிறார். நிலப் பத்திரத்திற்கு மூலப்பத்திரம் எப்படியோ, பெயருக்கு இது அப்படி. பின்னாளில் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதைப் பிடித்த இடம், நாள், அது பாதுகாக்கப்படும் நிலையம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வெளியிட்ட பிறகே பெயர் செல்லும். நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத் தன்மைச் சட்டப்படி, புதிதாகக் கண்ட உயிரினத்தை அதற்கென அரசு குறித்த காப்பகத்திற்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

நன்கு வளர்ந்த மரத்திற்கு இப்புழு பெரிய பகையன்று. நாற்றும் இளங்கன்றுமே தாங்காதவை. வெளிர் மஞ்சள் முட்டைகள் கொழுந்தில் தனித்தனியாக இருக்கும். நாற்றங்காலில் காலையில் ஒரு சுற்று வந்து முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்குவதே மலிவான முறை. மிகுதியாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தை, உறையில் உள்ள அளவுப்படி, புழு சிறிதாக இருக்கும்போது மாலையில் தெளிக்கலாம். கறிவேப்பிலையிலும் இப்புழு வரும். அது நேரே சமையலுக்குப் போகும் இலை. அதில் நச்சு மருந்து தெளிக்கவே வேண்டாம்.

பொறுக்கிய கூட்டுப்புழுக்களை உடனே நசுக்கிவிட வேண்டாம். வாய் அகன்ற பானையில் இட்டு, சிறு குளவி மட்டும் நுழையக்கூடிய கம்பி வலையால் மூடித் தோட்டத்து நிழலில் வையுங்கள். பலவற்றில் ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கும்; அவை வலை வழியே வெளியேறி மற்றக் கூட்டுப்புழுக்களைத் தேடிச் செல்லும். வண்ணத்துப்பூச்சி வெளிவந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

எலுமிச்சையைத் தொடாமல் வேறு செடியை மட்டும் தின்னும் இத்தகைய புழுவையோ, புள்ளிகள் வேறு மாதிரியாக உள்ள பூச்சியையோ தோட்டத்தில் பலமுறை கண்டால், அந்தச் செடியின் கிளையோடு புழுவைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் இட்டு வளர்த்துப் பாருங்கள். இறந்த பூச்சியானால் இறக்கையைக் கையால் தேய்க்காமல் முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைத்து, ஊர், நாள், தீனிச்செடி மூன்றையும் அதன்மேலேயே எழுதி, அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சியியல் பிரிவில் கொடுக்கலாம். இந்த மூன்று குறிப்பும் இல்லாத பூச்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. காப்புக்காடுகளில் மட்டும் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் பிடிக்கக் கூடாது.