எந்த இணையவழிப் பயிற்சி உங்கள் ஊருக்கு உதவும்?

2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரம் குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த நாள்களில் சோறு பொங்கிக் கொடுத்தவர்களிலும் படகு கொண்டுவந்தவர்களிலும் அக்கம்பக்கத்து இளைஞர்கள் நிறைய இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, தண்ணீர் வடிந்த பிறகு, அடுத்த மழைக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு வருகிறது. கைபேசியில் தேடினால் காலநிலைப் பயிற்சிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பல இலவசம், பல சான்றிதழும் தருகின்றன. அதில் எதில் சேர்வது?

படித்து முடித்ததும் அந்தப் பயிற்சி உங்கள் ஊரில் உங்களை என்ன செய்ய வைக்கும் என்பதுதான் முதல் அளவுகோல் என்பேன். சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்பது அதற்கு அப்புறம். ஆகவே பதிவு செய்வதற்கு முன் உங்கள் ஊர்க் கேள்வி ஒன்றை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டாக: “எங்கள் குளம் மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும்? இப்போது எங்கே அடைபடுகிறது?” கீழே உள்ள ஒவ்வொரு பயிற்சியையும் இந்தக் கேள்விக்கு எதிரே நிறுத்தித்தான் பார்த்திருக்கிறேன்.

காலநிலை மாற்றம் பற்றி அடிப்படையே தெரியாது என்பவர் ஐ.நா.வின் ‘யுஎன் சிசி லேர்ன்’ தளத்தில் தொடங்கலாம். இலவசம், நேரம் கிடைக்கும்போது படிக்கலாம், தேர்வில் தேறினால் சான்றிதழ். பாடங்கள் சுருக்கமாகவும் நம்பகமாகவும் இருக்கின்றன. குறை என்னவென்றால், நீங்கள் படித்தீர்களா, பாதியில் விட்டீர்களா என்று கேட்க ஆள் கிடையாது. தனியாகத் தொடங்கி முடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு பதிவு செய்வது நல்லது. எட்எக்ஸ் போன்ற தளங்களிலும் இதேபோன்ற பாடங்கள் உண்டு. அங்கே பாடத்தைப் பார்க்கக் காசு கேட்காமல் சான்றிதழுக்குக் கேட்பார்கள். ஊர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படாது, பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கல்லூரியில் படிப்பவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு அரசின் இணையக் கல்வித் தளங்களான ஸ்வயம், என்பிடெல் பாடங்கள் பொருத்தம். ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கும், பெரும்பாலும் 8 அல்லது 12 வாரம், வாரம்தோறும் ஒப்படைப்பு. பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். கல்லூரி ஒப்புக்கொண்டால் மதிப்பெண் பட்டத்திலேயே சேரும். வீட்டில் “இது எதுக்குப்பா?” என்று கேட்கும்போது சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமே அல்ல. சில பாடங்களுக்குத் தமிழிலேயே எழுத்து வடிவம் இருக்கிறது. நீரியல், பேரிடர் மேலாண்மை, கழிவு மேலாண்மை என்று துறை சார்ந்து ஆழமாகப் போகலாம். ஆனால் மறுகால் ஏன் அடைபட்டது என்று நாலு பேரைக் கூட்டிப் பேச இவை கற்றுத் தருவதில்லை.

அதைக் கற்றுத் தரும் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்று என்-ரோட்ஸ். கிளைமேட் இன்டராக்டிவ் நிறுவனமும் எம்ஐடியின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் சேர்ந்து செய்த இந்தக் கணினி மாதிரியை யாரும் இலவசமாகத் திறக்கலாம். நிலக்கரி, கார்பன் விலை, மீத்தேன், காடு வளர்ப்பு என்று பல தலைப்புகளில் நகர்த்திகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்தால் 2100-ல் புவி வெப்பம் எவ்வளவு மாறும் என்று உடனே காட்டும். இதை வைத்துப் பட்டறை நடத்தவும் இணையத்திலேயே பயிற்சி தருகிறார்கள். மரக்கன்று நட்டால் போதும் என்று நம்பி வருகிற மாணவர்கள், அந்த நகர்த்தியைக் கடைசிவரை தள்ளியும் வெப்பம் கொஞ்சமே இறங்குவதைத் தங்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். எந்தச் சொற்பொழிவும் இதைச் செய்யாது. ஆனாலும் இது உலக அளவுக் கணக்கு. ஒரு கல்லூரி அரங்கில் நன்றாக எடுபடும். கடல் அரிப்பில் வீட்டை இழந்துகொண்டிருக்கும் மீனவர் குப்பத்தில் இதைத் திறந்து வைத்தால் அவர்கள் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

மற்றொன்று பிரான்ஸில் 2015-ல் பிறந்த கிளைமேட் ஃபிரெஸ்க். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளிலிருந்து எடுத்த 42 அட்டைகளைக் காரணம், விளைவு என்று ஒரு சிறு குழு மேசையில் அடுக்க வேண்டும். சுமார் 3 மணி நேரம் ஆகும். முதலில் நீங்கள் ஒரு பட்டறையில் கலந்துகொண்டு, பிறகு நடத்துநர் பயிற்சி எடுக்கலாம். இரண்டும் இணையத்திலும் நடக்கின்றன. பயிற்சி எடுத்தவருக்கு அதன் பிறகு மின்சாரமோ இணையமோ தேவையில்லை, அட்டையும் பாயும் போதும். சிற்றூரில் நடத்த இதுவே எளிது என்பது என் எண்ணம். 42 அட்டைகளோடு 43-ஆவதாக உங்கள் குளத்தை நீங்களே எழுதிச் சேர்த்து, அது எந்த அட்டைக்குப் பக்கத்தில் வரும் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்.

அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் 2006-ல் தொடங்கிய கிளைமேட் ரியாலிட்டி புராஜெக்ட்டின் பயிற்சி மேடையில் பேசவும் பிரசாரம் நடத்தவும் பழக்குகிறது. இலவசம், இந்தியக் கிளையும் உண்டு. முடித்தவர்களின் வலையமைப்பில் சேர்வதுதான் உண்மையான பயன். நேரலை வகுப்பு என்றால் எந்த நாட்டு நேரம் என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால மாலை 7 மணி, நமக்கு விடியற்காலை 4.30.

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் இணைய வகுப்புகளில் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆலையோ சுரங்கமோ வரப்போகிறது என்றால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்புக்கு நாலு பேர் சேர்ந்து ஒருவருக்குப் பணம் கட்டுவது தகும். 2006 அறிவிக்கையின்படி பொதுக்கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த 30 நாளுக்குள் தடித்த அறிக்கையைப் புரட்டிக் கேள்வி எழுப்பத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, எழுதிவைத்த மறுகால் கேள்விக்கு இவற்றில் எதுவும் நேரடியாகப் பதில் தராது. பதில் உங்கள் ஊரிலும் அரசுப் பதிவேடுகளிலும்தான் இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்திடம், பெரியவை நீர்வளத்துறையிடம். யாரிடம் கேட்பது என்பது இதிலேயே முடிவாகிவிடும். நிலத்தின் எல்லையையும் வகையையும் காட்டும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். தூர்வாரிய செலவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கிராமசபை ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதுரை மாவட்ட அரிட்டாபட்டிப் பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதற்குப் பின்னால் ஊர் ஊராக நிறைவேறிய கிராமசபைத் தீர்மானங்களும் இருந்தன.

ஆகவே உங்கள் குழுவில் மூன்று பேர் இருந்தால் மூவரும் ஒரே பயிற்சியில் சேர வேண்டாம். ஒருவர் யுஎன் சிசி லேர்னில் அடிப்படையை முடிக்கட்டும். பேசத் துணிச்சல் உள்ளவர் கிளைமேட் ஃபிரெஸ்க் நடத்துநர் ஆகட்டும். கல்லூரியில் இருப்பவர் என்பிடெல்லில் நீரியல் எடுக்கட்டும். ஆங்கிலம் தடையாக இருப்பவர் நான்காவதாக ஒருவர் இருந்தால், அவருக்குப் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தமிழில் வெளியிடும் நூல்களும் இதழும் துணை செய்யும். மனு எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள், ஊர் மொழியில் எழுத அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. பயிற்சி முடியும் தேதியை அடுத்த கிராமசபைக்கு இரண்டு வாரம் முன்பாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதிவு செய்யுங்கள்.