கடல்நீரில் நுரைக்கும் சவர்க்காரம்

சேதன இரசாயனம் என்றதும் நம் மாணவருட் பலர் அஞ்சி அப்பாடத்தையே கைவிடுகின்றனர். தாக்கத்தைக் கண்ணாற் காணாது சமன்பாட்டை மாத்திரம் மனனஞ் செய்தலே இவ்வச்சத்தின் முதற்காரணம் என்பது எமது துணிபு. வகுப்பிற் செய்துகாட்டுதற்கு விலையுயர்ந்த கருவிகள் எப்பொழுதும் வேண்டியதில்லை. துறைமுகத்தை அண்மிய லிங்கநகர் மாணவன் ஒரு போத்தல் கடல்நீர் கொணர்வானாயின், நல்லதொரு பாடம் தொடங்கிவிடும்.

எண்ணெய் என்பது கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் இணைந்த எசுத்தர். எரிசோடா இவ்விணைப்பைப் பிரிக்கக் கிளிசரோலும், கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பாகிய சவர்க்காரமும் தோன்றுகின்றன. 1779 இல் சீலே என்பார் கிளிசரோலைக் கண்டறிந்தார். கொழுப்புகளின் அமைப்பை விளக்கும் செவ்ரூலின் நூல் 1823 இல் வெளிவந்தது.

பத்துக் கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 1.8 கிராம் எரிசோடா வேண்டும். அதனைச் சிறிது நீரிற் கரைத்து, எதைல் அற்ககோலுடன் எண்ணெயிற் சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கலக்குக. அற்ககோல் எளிதில் தீப்பற்றுமாதலின் அருகிற் சுவாலை இருத்தலாகாது. எரிசோடா கண்ணைக் கெடுக்குமாதலின் காப்புக்கண்ணாடி இன்றியமையாதது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது. இறுதியில் செறிந்த உப்புநீரை ஊற்றச் சவர்க்காரம் பிரிந்து மிதக்கும். நல்லெண்ணெயைக் கொண்டும் இவ்வாறே செய்க. அதற்கு எரிசோடாச் சற்றுக் குறைவாகவே வேண்டும்.

இனி, இரண்டையும் சம அளவிலெடுத்து, முதலில் மழைநீரிற் குலுக்குக, இரண்டும் நுரைக்கும். அடுத்துக் கடல்நீரிற் குலுக்குமுன், நிகழப்போவது யாதென ஒவ்வொரு மாணவனும் எழுதிவைத்தல் வேண்டும். சமன்பாட்டைப் பிழையின்றி எழுதியவனும் இவ்விடத்திற் தயங்குவான். அத்தயக்கமே கல்வியின் வாயில்.

நல்லெண்ணெய்ச் சவர்க்காரம் கடல்நீரில் நுரையாது திரிந்துபோக, தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் நுரைக்கக் காண்பர். கடல்நீரில் நூற்றுக்கு 3.5 பங்கு உப்பு உண்டு. அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தை வீழ்படிவாக்கும். சோடியம் உப்போ அதனைக் கரைசலினின்று வெளியேற்றும். நல்லெண்ணெயின் அமிலங்களுட் பெரும்பாலானவை 18 காபன் அணுக்கள் கொண்ட நெடுஞ்சங்கிலிகள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 காபன் அணுக்களேயுடைய லோரிக்கமிலம். சங்கிலி குறுகியதாதலின் அதன் சவர்க்காரம் எளிதிற் கரையும், உப்பையும் தாங்கும். அதனைப் பிரித்தெடுக்க மிகுந்த உப்பு வேண்டியிருந்ததும் இதனாலேயே என்பதை மாணவன் அப்போது தானே உணர்வான். மாலுமிகள் கடல்நீரிற் குளிப்பதற்குத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தை விரும்பியதன் காரணமும் இதுவே.

விஞ்ஞானப் பட்டதாரியும், நம் கல்லூரியின் பொறுப்பையேற்று நடத்தியவருமாகிய சுவாமி விபுலாநந்தர், 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பதற்குரிய சொற்களை ஆக்கிய பெரியோருள் அவர் ஒருவர். அச்சொற்களுக்குரிய பொருளை மாணவர் கண்முன் நிறுத்துதல் இன்றைய ஆசிரியரின் கடன். அதற்கு வேண்டிய எண்ணெயும் போத்தலும் வாங்கிக்கொடுத்தல் பழைய மாணவராகிய எமது கடனுமாகும்.