பழவேற்காடு புகட்டும் பாடம்

வணிகத்தின்பொருட்டு வேற்றுநிலத்தினின்றும் வந்து நம்மிடையே வாழ்வாரை நாம் அறிந்துகொள்ளுதல் எங்ஙனம்? கொள்ளலும் கொடுத்தலும் மட்டுமே அவ்வறிவைத் தந்துவிடுமோ? தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஆரம்பாக்கத்திற்குத் தென்கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த பழவேற்காட்டின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது.

ஒல்லாந்த வணிகர் 1613-இல் அங்குக் கெல்திரியா என்னும் கோட்டையை அமைத்தனர். அவர் நாடியது நம் நெசவாளர் நெய்த துணி. அத்துணியைக் கொடுத்தே கீழைத்தீவுகளில் நறும்பொருள்களைப் பெற்றனர். மலாய் மக்கள் கட்டமிட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்பர். அப்பெயரில் ஒலிப்பது பழவேற்காடேயாம். எனினும், அவ்வணிகர்தம் கப்பல்களில் துணிப்பொதிகளோடு அடிமைகளும் ஏற்றப்பட்டனர் என்பதை மறைத்தல் தகாது. ஆகவே, பண்டம் கைமாறிய அளவில் மக்கள் ஒருவரையொருவர் மதிப்பர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

அக்கோட்டையிலேயே வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. 1632 முதல் 1642 வரை ஆங்குக் குருவாயிருந்த ஆபிரகாம் ரோசேரியுசு, பத்மநாபர் என்னும் அந்தணரை அணுகி, இந்நாட்டார்தம் சமயத்தையும் ஒழுகலாறுகளையும் கேட்டறிந்தார். அந்தணர் அறிந்திருந்த போர்த்துக்கேய மொழியே இருவர்க்கும் பாலமாயிற்று. அவ்வாறு கேட்டவை 1651-இல் இலெய்டன் நகரில் நூலாக வெளிவந்தன. பர்த்ருஹரியின் சதகங்கள் இரண்டு அந்நூலில் ஒல்லாந்த மொழியில் அச்சேறின. நூலின் பெயரில் பிறசமயத்தை இகழும் சொல் உளது. அஃது அக்காலத்தின் குறை. ஆயினும், அமர்ந்து வினவியவர்க்கே கதவு திறந்தது என்பது தெளிவு.

இனி நம் நிலையை நோக்குவாம். நம் ஊர்க் கடைத்தெருவில் இராசத்தானத்தார் அடகுக்கடை வைத்துள்ளார். கேரளத்தார் தேநீர்க்கடை நடத்துகின்றார். அவரைச் 'சேட்டு' என்றும் 'நாயர்' என்றும் விளித்து அமைகின்றோம். இயற்பெயர் யாதெனக் கேட்டோமில்லை. மாணவராகிய நாம் முதற்கண் பெயரை அறிதல் வேண்டும். பின்னர் அவர்தம் தாய்மொழிச் சொற்கள் சிலவற்றையும், திருநாள்களையும், ஊர்விட்டு வந்த காரணத்தையும் பணிவுடன் வினவுதல் வேண்டும். அவர் நம்மை வினவவும் இடந்தருதல் வேண்டும். ஒருபாற் கேள்வி ஆராய்ச்சியாகலாம், நட்பாகாது.

பன்மொழி பேசுவோர் காவிரிப்பூம்பட்டினத்தில் கூடி வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அதனைத் தேர்வுக்குக் கற்கும் நாம், கடைத்தெருவிலும் கற்போமாக.